பதினேழு வயதுப் பிள்ளை கர்ப்பமாக வந்தால் காவல் நிலையத்துக்குச் சொல்வது அவளைக் காக்கிறதா?

கொக்கிரகுளம் டீச்சர்:

முப்பத்தோர் ஆண்டுகள் பெண் பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடம் நடத்தி ஓய்வுபெற்றவள் நான். சென்ற வாரம் பழைய மாணவி ஒருத்தியின் மகளுக்குச் சடங்கு என்று போயிருந்தேன். பந்தி முடிந்து பின்கட்டில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த பெண்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பற்றித் தாழ்ந்த குரலில் பேசினார்கள். பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குப் போன இடத்திலேயே மஞ்சள் கயிறு கட்டி முடித்துவிட்டார்களாம். மாப்பிள்ளை அத்தை மகன். பிள்ளைக்குப் பதினேழு நடக்கிறது. இப்போது ஐந்தாம் மாதம். ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ் வந்து பையனைப் பிடித்துக்கொண்டு போய்விடும் என்று பயந்து, இதுவரை ஒரு சத்து மாத்திரைகூட அவள் வாங்கிச் சாப்பிடவில்லையாம்.

அந்தப் பயம் வெறும் வதந்தியால் வந்ததன்று. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க வந்த 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி பதினெட்டு நிறையாத எவரும் குழந்தைதான்; கல்யாணமாகியிருந்தாலும் அவளோடு உடலுறவு குற்றம்தான். குற்றம் நடந்தது தெரிந்தால் காவல் துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது 19ஆம் பிரிவு; சொல்லாவிட்டால் ஆறு மாதம் வரை சிறை என்கிறது 21ஆம் பிரிவு. எந்த மருத்துவர் துணிந்து சும்மா இருப்பார்?

தேசியக் குடும்ப நல ஆய்வில் என்னை உறுத்துகிற கணக்கு ஒன்று இருக்கிறது. 15 முதல் 19 வயதுக்குள் தாயாகிவிட்டவர்கள் அல்லது கர்ப்பமாக இருப்பவர்கள் நாடு முழுவதும் 2015-16இல் 7.9 விழுக்காடாக இருந்து 2019-21இல் 6.8 ஆகக் குறைந்திருக்கிறார்கள், தமிழ்நாட்டிலோ 5.0 என்பது 6.3 ஆகக் கூடியிருக்கிறது. இந்தச் சட்டம் இந்தப் பிள்ளைகளுக்கு வேலியாக நிற்கிறதா, இல்லை அவர்களை மருத்துவமனை வாசலிலிருந்தே விரட்டுகிறதா என்பதைத்தான் இங்கே கேட்கிறேன்.

(திருத்தம்: முதலில் தெருவின் பெயரை எழுதியிருந்தேன், எடுத்துவிட்டேன்.)

வள்ளியூர் வழக்கறிஞர்:

டீச்சர், தெருவின் பெயரை நீங்கள் எடுத்தது நல்லது. ஆனால் உங்கள் பதிவைப் படித்ததும் எனக்கு மருத்துவரை விட உங்களைப் பற்றித்தான் கவலை வந்தது. 19ஆம் பிரிவு மருத்துவரை மட்டும் சொல்லவில்லை; 'எவரும்' என்று சொல்கிறது. பின்கட்டில் வெற்றிலை போட்ட அத்தனை பெண்களும், அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து எங்களிடம் கேள்வி கேட்கிற நீங்களும் அதில் அடக்கம். உங்களைப் பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. ஊருக்கே தெரிந்த விஷயம் உரிய இடத்துக்கு மட்டும் தெரியாமல் இருக்கிறதே, அந்த நிலையை உடைக்கத்தான் அப்படி எழுதினார்கள் என்பதைச் சொல்ல வந்தேன்.

கணக்கு டீச்சரிடம் கணக்கில் ஒரு திருத்தமும் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த 6.3இல் பதினெட்டும் பத்தொன்பதும் ஆன பெண்களும் இருக்கிறார்கள். அவர்கள் சட்டப்படி கல்யாணம் செய்துகொள்ளக்கூடியவர்கள். அதே ஆய்வில், 20 முதல் 24 வயதுப் பெண்களில் பதினெட்டுக்கு முன்பே கல்யாணமானவர்களின் விகிதம் நம் மாநிலத்தில் முன்பைவிடக் குறைந்து 12.8 ஆகியிருக்கிறது. ஆகவே சட்டம் தோற்றுவிட்டது என்பதற்கு உங்கள் எண்ணைச் சாட்சியாக நிறுத்த முடியாது.

சட்டத்தின் பயம் இல்லாத காலம் எப்படி இருந்தது என்பதற்கு நம் வீட்டு ஆச்சிகளே சாட்சி. 1929இல் வந்த சாரதா சட்டம் பெண்ணின் வயதைப் பதினான்கு என்றது. பதினெட்டு ஆனது 1978இல்தான். அந்தச் சட்டத்தை எந்த ஊரில் யார் மதித்தார்கள்? 2006ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் இரண்டு ஆண்டு கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் அபராதம் என்று வந்த பிறகும், பத்திரிகை அடிக்காமல் கோயிலில் கட்டுகிற வழக்கம்தான் பெருகியது. போக்சோ ஒன்றுக்குத்தான் ஊர் பயப்படுகிறது.

கடைசியாக ஒன்று. புறநோயாளிகள் பிரிவில் மாமியார் பக்கத்தில் நிற்க, 'நானாக விரும்பித்தான் கட்டிக்கொண்டேன்' என்று ஒரு பிள்ளை சொன்னால், அது அவள் சொல்லா, மாமியார் சொல்லிக்கொடுத்த சொல்லா என்பது இரண்டு நிமிடத்தில் எந்த மருத்துவருக்குத் தெரியும்? சொந்த வீட்டுக்குள்ளேயே நாசமான பிள்ளைகளின் வழக்குகளை நான் நடத்தியிருக்கிறேன். அவர்களில் சிலருக்கு, மருத்துவர் அனுப்பிய தகவலைத் தவிர வேறு வழியே இருக்கவில்லை.

களக்காட்டு நர்ஸ்:

வழக்கறிஞர் ஐயா கடைசியாகச் சொன்னதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர் பார்ப்பது வழக்காக வந்து சேர்ந்த பிள்ளைகளை. இருபத்தாறு வருடம் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்த நான் பார்த்தது வராமல் போனவர்களை.

ஒரு செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகள் முகாமில் மாமியாரோடு ஒரு பிள்ளை வந்தாள். ஆறாம் மாதம், அதுவரை எங்கும் பதியவில்லை. உயரம் பார்த்தால் 143 சென்டிமீட்டர். 145க்குக் கீழே இருந்தால் நாங்கள் சிவப்பு மையில் குறித்துவைப்போம். கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்தால் வெள்ளைத் தாள்போல இருந்தது. வயது இருபது என்று மாமியார் சொன்னார். ஆதார் அட்டையிலும் அப்படித்தான் இருந்தது. பிள்ளையின் கையைப் பிடித்து இரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டே, பத்தாம் வகுப்பு எந்த வருடம் எழுதினாய் என்று சும்மா கேட்டேன். 'போன வருசம்' என்று சொல்லிவிட்டு, மாமியார் முகத்தைப் பார்த்துச் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் வாயைப் பொத்தியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

மருத்துவ அலுவலர் அவருடைய கடமையைச் செய்தார். இரண்டு நாள் கழித்து நான் வீட்டுக்குப் போனபோது பூட்டுத் தொங்கியது. கேரளத்துப் பக்கம் செங்கல் சூளை வேலைக்குக் குடும்பத்தோடு போய்விட்டார்கள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அவளுக்கு எங்கே, யார் பிரசவம் பார்த்தார்கள், தாயும் பிள்ளையும் இருக்கிறார்களா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சட்டம் அன்று நடந்தது, சரி. அவளுக்குப் போட வேண்டிய ஊசி போடப்படவில்லை.

பதின்வயதுத் தாய்க்குப் பேறுகால வலிப்பு, பிரசவத்துக்குப் பின் கர்ப்பப்பை அழற்சி, குழந்தை எடை குறைவாகவோ நாள் முந்தியோ பிறப்பது ஆகிய எல்லாமே இருபது முதல் இருபத்துநான்கு வயதுப் பெண்களை விட அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதோடு, 2019-21 ஆய்வின்படி நாட்டில் 15-19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேர் இரத்த சோகையோடு இருக்கிறார்கள். இந்த உடம்போடு கர்ப்பமாகிறவள்தான் மற்ற எல்லோரையும் விட முதலில் எங்களிடம் வர வேண்டியவள். ஆனால் அவளை வரவிடாமல் செய்கிற ஏற்பாடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. முத்துலெட்சுமி ரெட்டி மகப்பேறு நிதி உதவித் திட்டத்தின் பதினெட்டாயிரம் ரூபாய் பத்தொன்பது வயது நிறைந்தவளுக்குத்தான். அந்தப் பணத்துக்காகவே வயதைக் கூட்டிச் சொல்கிற வீடுகளும் உண்டு. வயது வெளிப்பட்டுவிடும் என்று, கர்ப்பத்தைப் பதிந்தால் அரசு தருகிற பிக்மி எண்ணே வாங்காமல் ஒளிகிற வீடுகளும் உண்டு. நல்லெண்ணத்தில் போட்ட விதிதான்.

பணகுடி அண்ணாச்சி:

எல்லாரும் சட்டத்தையே பேசுகிறீர்கள். பன்னிரண்டு வயதில் கையில் செல்போனைக் கொடுத்துவிட்டு, பிறகு குத்துது குடையுது என்றால் என்ன நியாயம்? ஊரடங்கு காலத்தில் ஆன்லைன் வகுப்பு என்று போனைக் கொடுத்தோமே, அன்றைக்குப் பிடித்தது இந்தச் சனி. பெற்றோர் கண்டிப்பாக இருந்தால் காவல் நிலையமும் வேண்டாம், நர்ஸும் வேண்டாம்.

களக்காட்டு நர்ஸ்:

அண்ணாச்சி, என் கைக்கு வந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் கழுத்தில் தாலியோடு வந்தவர்கள். அந்தத் தாலியைச் செல்போன் கட்டவில்லை, பெற்றோர்தான் கட்டிவைத்தார்கள். போன் பேசுகிறாள் என்று தெரிந்த அன்றைக்கே அவசரமாக மாப்பிள்ளை பார்த்த வீடுகள் எனக்குத் தெரியும். நீங்கள் சொல்கிற கண்டிப்பின் மறுபெயர் பல வீடுகளில் அதுதான்.

முக்கூடல் தம்பி:

நான் இந்த விவாதத்தில் பேசக் கூடாது என்றுதான் மூன்று நாள் இருந்தேன். என் தங்கையின் கதை என்பதால் தயக்கம். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் ஆச்சி, அம்மா, சித்தி மூவரும் பீடி சுற்றியவர்கள். தங்கை பத்தாம் வகுப்பில் இரண்டு பாடத்தில் தோற்றாள். மறுநாளே அவள் மடியிலும் ஒரு சொளவு வந்துவிட்டது. காலையில் இலையை நனைத்து வைத்து, வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, சாயங்காலம் கடையில் கொடுக்க வேண்டும். உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்க முடியாது. ஆனால் அம்மாவுக்கு அந்தக் கூலி பெரிதாகப் படவில்லை. பயம்தான் பெரிதாகப் பட்டது. நாங்கள் எல்லாரும் வெளியே போனபின் வயசுப் பிள்ளை திண்ணையில் தனியாக உட்கார்ந்திருக்கிறாளே என்ற பயம். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு அந்த எட்டு மணி நேரம் ஒரு காவல்; அது போனதும் வீட்டார் வேறு காவல் தேடுகிறார்கள். அவள் தோற்ற பத்தாவது மாதம் கல்யாணம், அதற்கடுத்த வருடம் பதினேழு முடிவதற்குள் குழந்தை. எடை ஒன்றே முக்கால் கிலோ. இருபத்திரண்டு நாள் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். பிழைத்துவிட்டான், இப்போது ஒன்றாம் வகுப்பு படிக்கிறான்.

போலீஸ் வந்திருக்க வேண்டுமா என்று தங்கையிடம் கேட்டேன். 'தாலி கட்டுவதற்கு முந்தின நாள் வந்திருந்தால் கும்பிட்டிருப்பேன். பிள்ளை வயிற்றில் வந்த பிறகு வந்திருந்தால் ஆற்றில் விழுந்திருப்பேன்' என்றாள். வழக்கறிஞர் ஐயாவும் நர்ஸ் அக்காவும் சண்டை போடுவது அந்த இரண்டாவது நாளைப் பற்றி. முதல் நாளைப் பற்றி யாரும் பேசவில்லை.

அரசுப் பள்ளியில் படித்து மேற்படிப்புக்குப் போகிற பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் 2022 செப்டம்பரிலிருந்து கொடுக்கிறார்கள்; அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் பிறகு கொடுத்தார்கள். பாளையங்கோட்டையில் அதனால் பலன் உண்டு. கல்லூரிக்குப் போகிற பிள்ளைக்கு வீட்டில் ஒரு மரியாதை வந்திருக்கிறது. ஆனால் அது மேற்படிப்புக்குப் போகிறவளுக்கு. பத்தில் தோற்றவளுக்கு என்ன இருக்கிறது? தேர்வு முடிவு வருகிற அன்றைக்கு, தோற்ற பிள்ளைகள் யார் யார் என்ற பட்டியல் பள்ளிக்கூடத்தில் இருக்கிறது. கல்யாணம் நடக்கப் போகிற வீடுகளின் பட்டியலும் பாதி அதுதான்.

வள்ளியூர் வழக்கறிஞர்:

தம்பியின் தங்கை சொன்னதை இரண்டு முறை படித்தேன். முதல் நாளுக்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது: 2006 சட்டத்தின் 13ஆம் பிரிவில் நீதித்துறை நடுவர் முன்கூட்டியே தடையாணை போடலாம், அதை மீறி நடந்த கல்யாணம் செல்லாது. குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலர் நம் மாநிலத்தில் மாவட்டச் சமூகநல அலுவலர்; குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குப் போன் செய்தால் தகவல் போகும். ஆனால் தகவல் கொடுக்க ஆள் வேண்டும். பத்திரிகை அடிக்காத கல்யாணத்துக்குப் பந்தல்காரன்கூடச் சாட்சி இல்லை.

நர்ஸ் அம்மா சொல்லாமல் விட்ட கடினமான விஷயத்தையும் நானே சொல்லிவிடுகிறேன். எதிர்த்தரப்புக்கு உதவுகிறேன் என்று நினைத்தாலும் சரி. குற்றத்தின் விளைவாகக் குழந்தை கர்ப்பமாகிவிட்டால், போக்சோவின் 5ஆம் பிரிவின்படி அது கடுமையான வகைக் குற்றமாகிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு அதற்குக் குறைந்தது இருபது ஆண்டுகள். அவன் கணவன் என்பதும் காப்பாற்றாது. 2017 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பதினெட்டுக்குக் குறைந்த மனைவிக்கும் பாதுகாப்பு உண்டு என்று தீர்ப்பளித்துவிட்டது. பத்தொன்பது வயதுப் பையனுக்கும் ஐம்பது வயது மிருகத்துக்கும் ஒரே குறைந்தபட்சத் தண்டனை. நீதிபதிகளுக்கே இது கனமாகத்தான் இருக்கிறது. நம் உயர் நீதிமன்றம் 2019இலும் 2021இலும் இளவயதுக் காதல் வழக்குகளில் சட்டத்தைத் திருத்தும்படி சொன்னது. 2023இல் சட்ட ஆணையம் உடலுறவுக்கான சம்மத வயதைக் குறைக்க வேண்டாம், பதினாறு முதல் பதினெட்டு வரை தண்டனையில் நீதிபதிக்கு விருப்புரிமை கொடுக்கலாம் என்றது. 2025 மே மாதம் மேற்கு வங்க வழக்கு ஒன்றில், அந்தப் பெண்ணுக்கு நடந்த குற்றத்தை விட அதன்பின் காவலும் நீதிமன்றமும் குடும்பமும் அவளைப் படுத்திய பாடே பெரிது என்று கண்டு, குற்றம் நிரூபணமான பிறகும் உச்ச நீதிமன்றம் தண்டனை விதிக்கவில்லை.

இவ்வளவும் தெரிந்தும் நான் கட்டாயத் தகவலை எடுக்கக் கூடாது என்றுதான் சொல்வேன். தண்டனையைக் குறைப்பது நீதிமன்றத்தின் வேலை. தகவல் சொல்வதா வேண்டாமா என்பதை ஒவ்வொரு மருத்துவமனையும் தன் மனம்போல முடிவு செய்யத் தொடங்கினால், வசதியுள்ள தாய்மாமன்களின் வழக்குகள்தான் முதலில் மறையும். பையனுக்காக இரக்கப்பட்டுத் திறக்கிற கதவில் மிருகமும் போய்விடும்.

களக்காட்டு நர்ஸ்:

ஐயா சொன்னதில் பாதிக்கு நன்றி. மறுபாதிக்கு என் பதில் இதுதான். கருக்கலைப்புக்கு வருகிற பதினெட்டுக்குக் குறைந்த பிள்ளையும் அவள் வீட்டாரும் கேட்டுக்கொண்டால், தகவலில் அவள் பெயரையும் அடையாளத்தையும் மருத்துவர் சொல்ல வேண்டியதில்லை என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமே வழி செய்திருக்கிறது. கலைக்க வருகிறவளுக்குக் கிடைத்த அந்த மறைப்பு, பெற்றுக்கொள்ள வருகிறவளுக்கு ஏன் கூடாது? கதவைத் திறந்துவிடச் சொல்லவில்லை. முதலில் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, இரத்தம் பார்த்து, மாமியாரை வெளியே நிறுத்திவிட்டுப் பேசி, குழந்தைகள் நலக் குழுவிலிருந்து ஒரு பெண்ணை வரவழைத்து, அதன்பின் காவல் நிலையத்துக்குப் போகட்டும் என்கிறேன். வரிசை மாற வேண்டும்.

கருத்தடை பற்றியும் ஒரு வார்த்தை. வளரிளம் பருவத்தினருக்கு என்று 2014இல் மத்திய அரசு ஒரு திட்டமே கொண்டுவந்தது. மாத்திரை, நாப்கின் எல்லாம் கொடுத்தோம். ஆனால் கல்யாணமான பதினேழு வயதுக்காரியிடம் முதல் குழந்தையைத் தள்ளிப்போடு என்று நான் சொன்னால், அவள் வயது எனக்குத் தெரியும் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். அதனால் பேசாமல் வந்த நாட்கள் உண்டு. அது என் குறைதான்.

பணகுடி அண்ணாச்சி:

செல்போன் விஷயத்தில் நான் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் தம்பி சொன்ன பட்டியலை ஊர்ப் பெரியவர்கள் கையில் கொடுத்தால் என்ன? கோயில் கொடைக்கு வரி வசூலிக்க வீடு வீடாகப் போகத் தெரிகிறது எங்களுக்கு.

முக்கூடல் தம்பி:

அண்ணாச்சி, தயவுசெய்து வேண்டாம். தோற்ற பிள்ளையின் பெயர் ஊர்ப் பெரியவர் கைக்குப் போனால் மறுநாளே மாப்பிள்ளை தேடி நாலு பேர் வருவார்கள். டீச்சர் மாதிரி ஒருவர் கையில் இருந்தால் போதும்.

கொக்கிரகுளம் டீச்சர்:

இரண்டு வாரமாகப் பதில் எழுதாததற்கு மன்னிக்க வேண்டும். வழக்கறிஞர் என்னைப் பார்த்துக் கேட்டது சரி. நானும் அந்தப் பின்கட்டுக் கூட்டத்தில் ஒருத்தியாகத்தான் இருந்தேன்.

நர்ஸ் அம்மா சொன்ன வரிசையில் போய்ப் பார்ப்போம் என்று அந்த வீட்டுக்குப் போனேன். முதல் நாள் வாசலோடு அனுப்பிவிட்டார்கள். இரண்டாம் நாள் பிள்ளையின் தாயார் மோர் கொடுத்தார். மூன்றாம் நாள் நானே ஆட்டோ பிடித்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போனேன். போலீஸுக்குத் தகவல் போகும் என்பதை நான் மறைக்கவில்லை. போகிற வழியிலேயே சொன்னேன். அவள் ஆட்டோவை நிறுத்தச் சொல்லவில்லை, ஆனால் அதன்பின் என்னோடு பேசவுமில்லை. இரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவு 7.8தான் இருந்தது. மருத்துவர் அன்று மாலையே தகவல் அனுப்பினார். சட்டத்தில் இருக்கிறபடி ஒரு பெண் உதவி ஆய்வாளர் சீருடை இல்லாமல் வீட்டுக்கே வந்து வாக்குமூலம் எழுதினார், குரலை உயர்த்தவில்லை. பையன் ஊரில் இல்லை. அவன் தாயார் தெருவில் நின்று என்னைக் குடிகெடுத்தவள் என்று ஏசினார். பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. இருபது ஆண்டுகள் என்ற அந்தக் கணக்கை வழக்கறிஞர் எழுதியதிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை என்பதையும் ஒளிக்காமல் சொல்கிறேன்.

ஆக, வழக்கறிஞரா நர்ஸ் அம்மாவா, யார் சொல்வது சரி என்று கேட்டால் இன்னும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பிள்ளை தாய் வீட்டில் இருக்கிறாள். இதுவரை இரண்டு முறை இரும்புச்சத்து ஏற்றியிருக்கிறார்கள். அவளைப் பற்றி இதற்குமேல் இங்கே எழுத மாட்டேன்.

தம்பியிடம் ஒன்று கேட்க வேண்டும். அவளும் பத்தாம் வகுப்பில் தோற்றவள்தான், கணக்கில். பிரசவம் முடிந்தபின் தனித்தேர்வராக எழுத வேண்டுமானால், கல்யாணமானவள் என்று பள்ளியில் ஏதாவது தடை சொல்வார்களா?

முக்கூடல் தம்பி:

தடை எதுவும் இல்லை டீச்சர். தங்கை அப்படித்தான் எழுதினாள், பையனை அம்மா மடியில் விட்டுவிட்டு. பழைய மதிப்பெண் பட்டியலை மட்டும் தொலைக்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் அதைப் பீடி இலை மூட்டைக்கு அடியிலிருந்துதான் எடுத்தோம்.